நிறம் கேளுங்கள்: சுட்ட மண்ணின் ஆரஞ்சு

கேள்வி: கடையின் ஷேட் கார்டில் புதுக் கூரை ஓட்டைப் போல வெளிச்சமாகத் தெரிந்த டெரகோட்டா நிறத்தை வாங்கி, எங்கள் வீட்டு முன்னறையின் நான்கு சுவர்களிலும் அடித்தோம். இப்போது பகலில் பழைய செங்கல்லைப் போலவும் இரவில் அழுக்கு படிந்தது போலவும் இருக்கிறது. கடைக்காரர் டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்கிறார் என் மாமியார். உண்மையாக இருக்குமா?
- வாசகி, தக்கலை

பதில்: டப்பா மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆரஞ்சு நிறத்தில் அதன் எதிர் நிறமான நீலத்தையோ சிறிது கருமையையோ சேர்த்து, அதன் பளிச்சிடும் தன்மையை அடக்கினால் கிடைப்பதுதான் இந்த மண் சார்ந்த ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் இருள் கூடினால் அதையே பழுப்பு என்று அழைக்கிறோம். ஆகவே வெளிச்சம் குறைகிற எந்த அறையிலும் இந்த நிறம் தன் ஆரஞ்சை முதலில் இழக்கும். உங்கள் பகுதி வீடுகளில் தாழ்ந்த இறவாரமும் முற்றத்தைச் சுற்றித் தென்னையும் பலாவும் இருப்பது வழக்கம். அந்த இலைகளின் ஊடாக வரும் வெளிச்சத்தில் பச்சைச் சாயல் இருப்பதால், சுவரின் செம்மை பகலிலேயே மங்குகிறது. இரவில் 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூப் லைட் எரிந்தால், நீலம் மிகுந்த அந்த ஒளி மீதியையும் குறைத்துவிடும். நான்கு சுவர்களும் ஒரே நிறமாக இருக்கும்போது, ஒன்றின் சாயல் மற்றொன்றில் விழுந்து, கார்டில் பார்த்ததைவிட நிறம் அடர்த்தியாகத் தெரிவதும் சேர்ந்துகொள்கிறது.

சுவரைச் சுரண்ட வேண்டாம். சன்னலின் வெளிச்சம் நேராக விழும் எதிர்ச்சுவரை மட்டும் இப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் சுண்ணாம்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். நீலம் போட்ட வெள்ளை வேண்டாம். இளமஞ்சள் கலந்த வெள்ளைதான் இதற்கு இணங்கும். விளக்கை மஞ்சள் சாயலுள்ள 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றுங்கள். பளபளப்புப் பூச்சை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் மண்ணின் நிறத்துக்குப் பளபளப்பு பொருந்துவதே இல்லை. உங்களுக்கு மிக அருகில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ஒருமுறை இதற்காகவே போய்ப் பாருங்கள். அங்கே சுட்ட மண்ணின் நிறம் கூரையில், நிறைந்த வெயிலில் இருக்கிறது. அதன் கீழே வெள்ளைச் சுவரும் கருத்த மரமும் அதைத் தாங்கி நிற்கின்றன. இந்த நிறத்துக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: கோயில் மதிலில் அடிக்கும் காவியும் டெரகோட்டாவும் ஒன்றுதானா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டுக்கும் தாய் இரும்புதான். மண்ணில் இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்திருந்தால் அது மஞ்சள் காவி. அதை 300 டிகிரி செல்சியசுக்குச் சற்று முன்பின்னாகச் சூடாக்கினால் நீர் பிரிந்து சிவப்புக் காவியாகிவிடும். டெரகோட்டா என்பது 'சுட்ட மண்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல். சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால் கூரை ஓடும் பானையும் செம்மையாக வரும். காற்றை அடைத்துப் புகையோடு சுட்டால் அதே மண் கருத்துப்போகும். நிறம் மண்ணில் பாதி, தீயில் பாதி என்று குயவர்கள் அறிந்தே வேலை செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு என்னவென்றால், காவி சிவப்பின் பக்கம் சாயும். டெரகோட்டா ஆரஞ்சின் பக்கம் சாய்ந்து, சற்றே ரோஜாச் சாயலும் காட்டும்.

உங்கள் மலைக்கு அப்பால் கேரளத்தில் வீடு கட்டும் வெட்டுக்கல்லும் இதே குடும்பம்தான். மலப்புறம் பகுதியின் அங்காடிப்புரத்தில் அந்தக் கல்லைக் கண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் கல் அது. கேரளப் பாணிச் சுவரோவியங்களின் சிவப்பும் மஞ்சளும் இத்தகைய கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுக்கப்பட்டவையே.

கேள்வி: ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டுக்கு இந்த நிறத்தைப் பின்னணியாக வைத்து, வெள்ளை எழுத்தில் விவரங்களை அச்சிட நினைக்கிறேன். பொருந்துமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: பின்னணி பொருந்தும், சிறிய வெள்ளை எழுத்து பொருந்தாது. கணினியில் டெரகோட்டா என்று வழங்கும் நிறத்தின் அளவு சிவப்பு 226, பச்சை 114, நீலம் 91. அதன்மேல் வெள்ளை எழுத்தின் வேறுபாட்டு விகிதம், அதாவது எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு, ஏறத்தாழ 3.1 மட்டுமே வருகிறது. திரையில் சிறிய எழுத்தைத் தடையின்றிப் படிக்க வகுக்கப்பட்ட அளவு 4.5. கருப்பு எழுத்தானால் அது 6.8 வரை போகும். கடையின் பெயரைப் பெரிதாக, தடித்த வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். எடை, விலை, தேதி ஆகியவற்றை அடர்பழுப்பிலோ கருப்பிலோ அச்சிடுங்கள், ஏனெனில் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பவர்களில் வயதானவர்களும் உண்டு. திரையில் பார்த்த நிறம் அச்சில் மங்கி வருவதும் இயல்பு என்பதால், முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரி எடுத்து, பாக்கெட் தொங்கப்போகும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாலராமபுரம் கைத்தறி வேட்டி நிறத்துப் புடவைக்கு இந்த நிற ரவிக்கை எடுபடுமா?
- வாசகி, நெய்யாற்றின்கரை

பதில்: மிக நன்றாக எடுபடும். பருத்தியில் எடுங்கள்.

கேள்வி: பாட்டி காலத்து ரெட் ஆக்சைடு தரையை ஒட்டி ஓர் அறை கட்டுகிறோம். புதுத் தரை கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தால் நன்றாக இருக்கும். செய்ய முடியுமா?
- வாசகர், பாறசாலை

பதில்: முடியும். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் வெளுக்காத நிறமி. உங்கள் பாட்டியின் தரை இன்னும் நிறத்தோடு இருப்பதற்கு அதுவே காரணம். சிவப்பு ஆக்சைடுடன் மஞ்சள் ஆக்சைடைக் கலந்தால் நிறம் ஆரஞ்சின் பக்கம் திரும்பும். சாம்பல் நிறச் சிமெண்ட் அதை மங்கச் செய்துவிடும் என்பதால் மேற்பூச்சுக்கு வெள்ளைச் சிமெண்ட் வாங்குங்கள். நிறமி, சிமெண்டின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் தரையின் உறுதி கெடும். அறை முழுவதற்கும் வேண்டிய தூளை ஒரே தடவையில் உலர்நிலையில் கலந்து வையுங்கள். இரண்டாம் தடவை கலந்தால் அதே நிறம் வருவது அரிது. பூசியபின் ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைத்து, நன்கு காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றுங்கள். பழைய தரையை இதற்குப் பொருத்துவதற்காக ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். அது சிமெண்டை அரித்து, இத்தனை ஆண்டுகள் கால் பட்டு வந்த மெருகை ஒரே நாளில் எடுத்துவிடும்.