புரொஜெக்டர் தியேட்டர் மூடிவிட்டது. சிங்கப்பூரில் கலைப்படங்களை இனி எங்கே பார்ப்பது?

ஓல்ட்ஹாம் தியேட்டர். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் இருக்கிறது. பிராஸ் பாசா எம்ஆர்டியில் இறங்கி ஆர்மீனியன் ஸ்ட்ரீட் வழியாக நடந்து, கடைசியில் கொஞ்சம் மேடு ஏற வேண்டும். 132 இருக்கைகள்தான். ஆசியப் படங்களைச் சேகரித்துக் காக்கும் ஏஷியன் ஃபிலிம் ஆர்கைவ் அங்கே படங்களைத் திரையிடுகிறது.

2005இல் தொடங்கிய இந்த ஆர்கைவோடு தமிழர்களான நமக்கும் உறவு உண்டு. அது காத்துவரும், கேத்தே-கெரிஸ் என்ற சிங்கப்பூர்ப் பட நிறுவனத்தின் மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. கேத்தே-கெரிஸுக்குப் படம் எடுத்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். மலாய் சினிமாவின் பெரிய நட்சத்திரமான பி. ராம்லியை முதலில் கதாநாயகனாக்கியவரும் அவர்தான், 1950இல். அந்தக் காலப் படங்களில் பாட்டு நுழையும் இடத்தைக் கவனியுங்கள், நம் பழைய தமிழ்ப் படம் பார்ப்பது போலவே இருக்கும். எங்கே திரையிட்டாலும் விடாதீர்கள்.

புரொஜெக்டர் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1973இல் திறந்த கோல்டன் தியேட்டரின் இடத்தில், கோல்டன் மைல் டவர் ஐந்தாம் மாடியில், 2014இல் தொடங்கினார்கள். பழைய மடக்கு நாற்காலிகளைக்கூடத் தூக்கிப் போடவில்லை. 2025 ஆகஸ்டில் திடீரென்று மூடினார்கள். "படம் நல்லா இருக்கு" என்று காதில் விழுந்து அடுத்த வாரம் போனாலும் அங்கே அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அவகாசம் சின்னப் படங்களுக்கு உயிர். ஓல்ட்ஹாமில் பெரும்பாலும் ஒன்றிரண்டு காட்சிதான், அதனால் நிகழ்ச்சி நிரல் வந்த உடனே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மால் தியேட்டர்களில் பெரிய நட்சத்திரம் இல்லாத தமிழ்ப் படத்துக்கு முதல் வாரமே கடைசி வாரமாகிவிடுகிறது. கே. ராஜகோபால் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரை நாயகனாக்கி எடுத்த படம் 2016இல் கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ என்ற பிரிவு வரை போனது. அப்படி இன்னொன்று வந்தால் இங்கே எந்தத் திரை அதற்கு மூன்று வாரம் கொடுக்கும்? எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அப்புறம், 1958 முதல் இயங்கும் சிங்கப்பூர் ஃபிலிம் சொசைட்டியையும், ஆண்டுக் கடைசியில் வரும் அனைத்துலகத் திரைப்பட விழாவையும் கவனித்து வாருங்கள். முதல் தடவை என்றால் மீட்டெடுத்த பழைய ஆசியப் படம் ஒன்றில் தொடங்கலாம். படம் முடிந்து உரையாடல் இருந்தால் எழுந்து போய்விடாதீர்கள். கேள்வியைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.