பூட்லோடரில் நிற்கும் போனும் மஞ்சள் முக்கோணமும்

கேள்வி: போன் இயங்கும்போது, கணினியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி அதைக் காட்டுகிறது, பூட்லோடருக்குள் போனதும் பட்டியல் வெறுமையாக வருகிறது. டிரைவர் பழுதா?

பதில்: பூட்லோடர் என்பது ஆண்ட்ராய்டை எழுப்பும் தொடக்க நிரல். அங்கே நிற்கும்போது ஆண்ட்ராய்டு இன்னும் எழவே இல்லை என்பதால் ஏடிபிக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. பூட்லோடரோடு பேசும் கருவி ஃபாஸ்ட்பூட், ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ என்று தட்டிப் பாருங்கள். அதுவும் வெறுமையாக வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஏடிபிக்கு அமைந்த டிரைவர் பூட்லோடருக்கும் தானாக அமைந்துவிடும் என்பதில்லை.

கேள்வி: கூகுள் யுஎஸ்பி டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பில் (டிரைவர் எந்தச் சாதனங்களுக்கு என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) என் போனின் வன்பொருள் அடையாள எண்ணைச் சேர்த்தேன். ‘ஹாஷ்’ பொருந்தவில்லை என்று விண்டோஸ் மறுக்கிறது. கையொப்பச் சோதனையை அணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்தப் பொதியில் ஐஎன்எஃப்புடன் கையொப்பமிட்ட கேட்டலாக் கோப்பு ஒன்றும் வருகிறது. கோப்பின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ அதில்தான் இருக்கிறது. ஐஎன்எஃப்பில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் இரண்டும் பொருந்தாமல் போகும், விண்டோஸ் மறுத்ததும் நியாயமே. திருத்தாத பொதியை மறுபடி இறக்கிக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும் ‘ஆண்ட்ராய்டு’ வரியை வலச்சொடுக்கி, அப்டேட் டிரைவரில் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் வழியைப் பிடித்து, ‘ஹேவ் டிஸ்க்’ மூலம் அந்த ஐஎன்எஃப்பைக் காட்டி, ‘ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வந்தால் ‘ஆம்’ என்க. ஐந்து நிமிட வேலை.

இதற்குப் பொறுமையில்லாமல் ‘எல்லாப் போனுக்கும் ஒரே டிரைவர்’ என்று எவரோ கட்டிவைத்த பொதியை இறக்குவோரைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சரிபார்க்கக் கேட்டு என்னிடம் வந்த மடிக்கணினி ஒன்றின் வலது கீழ் மூலையில் ‘டெஸ்ட் மோட்’ என்ற எழுத்துகள் நிரந்தரமாக நின்றன. எப்போதோ ஒரு போனுக்காகக் கையொப்பச் சோதனையை அணைத்தவர் அதன்பின் அதைத் திரும்பப் போடவே இல்லை. போன் போய்விட்டது, திறந்த கதவு மட்டும் மிஞ்சியது.

கேள்வி: சாம்சங் கேலக்ஸியில் ஃபாஸ்ட்பூட் வரவில்லையே?

பதில்: வராது. அங்கே அதற்குப் பதில் டவுன்லோட் மோட். கணினியில் ஓட்டும் கருவி ஓடின், டிரைவர் சாம்சங்குடையது.

கேள்வி: ஃபாஸ்ட்பூட் கட்டளை ‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்று நிற்கிறது. உடனே உதவவும்.

பதில்: எந்தப் போன், எந்த விண்டோஸ், எந்தக் கேபிள் என ஒன்றையும் எழுதாமல் அவசரத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் தரவுக் கம்பிகள் இரா. முதலில் அதை மாற்றுங்கள். பிறகு யுஎஸ்பி 2.0 துளையில் செருகிப் பாருங்கள், 3.0 துளையில் முரண்டு பிடிக்கும் போன்கள் பல. டிரைவர் கடைசியில்தான்.

கேள்வி: லினக்ஸில் எந்த டிரைவர்?

பதில்: எதுவும் வேண்டாம். ‘நோ பெர்மிஷன்ஸ்’ என்று வந்தால், சாதனத்தைத் தொட அனுமதி தரும் யுடெவ் விதி ஒன்றைச் சேர்த்து, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

கேள்வி: பூட்லோடரை அன்லாக் செய்தால் படங்கள் தங்குமா?

பதில்: தங்கா. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது: அன்லாக் செய்யும்போது போனிலுள்ள தரவு முழுவதும் அழியும். படங்களை முதலில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்பே கட்டளையைத் தட்டுங்கள்.