அம்மாவுக்கு ரெண்டு சீட் போடலாமா? விமானப் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, எடை 126 கிலோ, தைராய்டு உண்டு. என் பிரசவத்துக்காக தை மாதம் சென்னையிலிருந்து நியூ ஜெர்சி வரவேண்டும். "ரெண்டு சீட் போட்டா ஊரே சிரிக்கும், நான் எப்படியாவது ஒடுங்கி உட்கார்ந்துக்கறேன்" என்கிறார். இரண்டு சீட் வாங்குவதா, இல்லை சாதாரண எகானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமி போதுமா?
— நியூ ஜெர்சி வாசகி

பதில்: அம்மாவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒடுங்கி உட்காருவது அரை மணி நேர பஸ் பயணத்துக்குச் சரி, இருபது மணி நேரத்துக்குமேல் போகிற பயணத்துக்கு நடக்காது. கால் வீங்கும், இடுப்பு மரத்துப்போகும், எழுந்து பாத்ரூம் போகக் கூசிக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் இருக்கிறது, உடல் எடை கூடுதலானவர்களுக்கு அது இன்னும் அதிகம். இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்கிற விஷயம்.

சில வருடம் முன்பு சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனபோது என் பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். விமானம் கிளம்பப் போகிறது, க்ரூ ஒவ்வொரு வரிசையாக பெல்ட் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், இவர் துப்பட்டாவை எடுத்து மடிமேல் பரப்பிக்கொண்டார். அடியில் பெல்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. பூட்டவில்லை. "சொல்லிடாதீங்க" என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு வேண்டும் என்பதுபோல நானே எக்ஸ்டென்ஷன் பெல்ட் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தேன், அவர் பூட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். அந்த பெல்ட்டுக்குக் காசு கிடையாது. விமானத்துக்குள் ஏறும்போதே வாசலில் நிற்கிற க்ரூவிடம் மெதுவாகக் கேட்டால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், சாதாரண பெல்ட்டைவிட சுமார் இரண்டு அடி நீளம் கூடும். ஆன்லைனில் விற்கிறதை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், பல விமான நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை.

இப்போது சீட் கணக்கு. வீட்டில் அம்மாவைக் கை இல்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள், இடுப்பின் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி ஒட்டி நிறுத்துங்கள், அவர் எழுந்ததும் இரண்டு அடுக்குக்கும் நடுவே டேப் வைத்து அளவெடுங்கள். நின்றபடி எடுக்கிற அளவு உதவாது, உட்காரும்போது உடம்பு பரவும். எகானமி சீட்டில் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே இருப்பது 17-லிருந்து 18 இன்ச். போயிங் 777-ல் வரிசைக்குப் பத்து சீட் (3-4-3) போட்டிருந்தால் 17 சொச்சம்தான், 787-ல் ஒன்பது சீட் போட்டாலும் ஏறக்குறைய அதே. ஏர்பஸ் ஏ350-ல் ஒன்பது சீட் இருந்தால் 18 கிடைக்கும். டிக்கெட் போடும்போது விமானத்தின் வகை காட்டும், அதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்துவிடுகிறோம்.

அம்மாவின் அளவு 19-க்குள் என்றால் பிரீமியம் எகானமி போதும். 21, 22 என்று வந்தால் அது பணத்துக்குக் கேடு. ஏனென்றால் அந்த சீட்டுகள் பெரும்பாலும் 19 இன்ச் அளவில்தான் இருக்கும், அதோடு பலவற்றில் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால் கைப்பிடியைத் தூக்கவே முடியாது. எகானமியில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சீட் எடுத்து நடுக் கைப்பிடியைத் தூக்கிவிட்டால் 34 இன்ச்சுக்குமேல் கிடைக்கும். எனக்குக் கேட்டால் அதைத்தான் போடச் சொல்வேன். ஒன்று ஜன்னல் சீட், இன்னொன்று நடு சீட். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று முதல் வரிசையை வாங்கிவிடாதீர்கள், அங்கேயும் கைப்பிடி அசையாது. எக்ஸ்டென்ஷன் பெல்ட் தேவைப்படுபவர்களை அவசர வழி வரிசையிலும் பொதுவாக உட்கார விடுவதில்லை.

இரண்டு சீட் வாங்குகிற முறையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிக்கெட் தளங்களில் அம்மா பெயரையே இரண்டு தடவை போட்டு புக் செய்யாதீர்கள், ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் என்று கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துவிடும் வாய்ப்பு உண்டு. விமான நிறுவனத்துக்கே போன் செய்து, "ஒரே பயணிக்கு எக்ஸ்ட்ரா சீட்" என்று கேளுங்கள். டிக்கெட் மொழியில் அதற்கு ஈ-எக்ஸ்-எஸ்-டி (EXST) என்று குறியீடு, இரண்டாவது டிக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் அது வர வேண்டும். இணைப்பு விமானம் இருந்தால் இரண்டு கட்டத்துக்கும் போட்டிருக்கிறார்களா, திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்தா, கூடுதல் லக்கேஜ் உண்டா, கேன்சல் செய்தால் இரண்டுக்கும் கட்டணம் பிடிப்பார்களா, எல்லாவற்றையும் கேட்டு மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: போர்டிங் வாசலில் இரண்டு அட்டையையும் ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்தால் இன்னொரு சீட்டுக்கு ஆள் வரவில்லை என்று பதிவாகி, காத்திருக்கும் யாருக்காவது அதைக் கொடுத்துவிடுவார்கள்.

கனடாவின் உள்நாட்டுப் பயணமாக இருந்தால் இந்தச் செலவே இல்லாமல் போயிருக்கலாம். அங்கே போக்குவரத்து ஆணையம் 2008 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது: உடல் பருமனால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களிடம் உள்நாட்டு விமானங்களில் இரண்டாவது சீட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. விமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் எடுபடவில்லை, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனம் கூடுதல் சீட்டின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் தாராளமாக இருந்தது, 2026 ஜனவரி 27 முதல் அதையும் இறுக்கிவிட்டார்கள், விமானத்தில் ஒரு சீட்டாவது காலியாகப் போயிருந்தால்தான் பணம் திரும்ப வரும். நீங்கள் போடுகிற நிறுவனத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தானாகச் சொல்வதில்லை.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது எனக்கு நடு சீட். பக்கத்தில் வந்தவர் மிகவும் பருமனானவர், கேட்காமலே கைப்பிடியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தார். ஒன்பது மணி நேரம் ஒரு தோளைச் சாய்த்தபடியே வந்தேன், இரண்டு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, டாக்டரிடமும் காட்டினேன். சீட் தேர்வுக்குத் தனியாகப் பணமும் கட்டியிருந்தேன். ஏதாவது கிடைக்குமா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் கழுத்து வலிக்கு நியாயம் உண்டு. நீங்கள் காசு கொடுத்தது முழு சீட்டுக்கு, கிடைத்தது முக்கால் சீட். ஆனால் உங்கள் வழக்கு விமான நிறுவனத்தோடுதான், பக்கத்தில் உட்கார்ந்தவரோடு இல்லை. அவரும் அதே பணம் கட்டி அதே 17 இன்ச்சைத்தான் வாங்கினார். கொஞ்சம் வாட்டசாட்டமான ஆண் பலருக்குத் தோளகலமே 18 இன்ச்சைத் தாண்டும், தொப்பை இல்லாதவரும் பக்கத்து சீட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்காக ஒரு பயணிகள் அமைப்பு வழக்கே போட்டது. 2017-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி இதைச் சுருங்கிக்கொண்டே போகும் விமான சீட் வழக்கு என்றே குறிப்பிட்டார். அடுத்த வருடம் நாடாளுமன்றம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச சீட் அளவை நிர்ணயிக்கச் சொல்லி அரசின் விமானத் துறைக்குச் சட்டமே போட்டது. 2022-ல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000-க்கும் மேல் பதில்கள் வந்து குவிந்தன. ஆனாலும் 2023-ல், இதற்குமேல் அவசரப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இவ்வளவு பேர் கத்தியும் அரசே அசையாத விஷயத்தில் விமான நிறுவனத்திடம் பணம் வாங்க வேண்டுமென்றால், கையில் தாள் இருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது சீட் தேர்வுக்குக் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டு, போர்டிங் அட்டை. விமானத்திலேயே க்ரூவிடம் புகார் சொன்னீர்களா, அவர் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். சீட் தேர்வுக் கட்டணம் முழுவதும், டிக்கெட்டில் ஒரு பங்கு, மருத்துவச் செலவு என்று மூன்றாகப் பிரித்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். "மன உளைச்சல், பத்து லட்சம்" என்று ஆரம்பித்தால் எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே மாதிரிப் பதில்தான் வரும். ஒரு மாதத்தில் உருப்படியான பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் போடலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே, கோவையிலேயே, வழக்குப் போடலாம், டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விமானம் ரத்தானால், ஏற்ற மறுத்தால் இவ்வளவு இழப்பீடு என்று நம் விமானத் துறை விதியில் இருக்கிறது, பக்கத்து ஆள் உங்கள் சீட்டில் பாதியை எடுத்துக்கொண்டால் இவ்வளவு என்று இல்லை. அதனால் சீட் தேர்வுப் பணமும் ஒரு வவுச்சரும் வந்தாலே நிறையப் பேர் முடித்துக்கொள்கிறார்கள். 2002-ல் பிரிட்டனில், இப்படி நசுங்கிக் காயப்பட்ட ஒரு பெண்ணுக்கு விமான நிறுவனம் 13,000 பவுண்டு கொடுத்தது, அவர் உடல் காயத்தைக் காட்ட முடிந்ததால் கிடைத்தது. உங்கள் டாக்டர் சீட்டை அதனால்தான் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

அடுத்த தடவை இப்படி நடந்தால் கதவு மூடுவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள், அதுதான் நேரம். பின்னால் சமையல் பகுதிக்குப் போய், பக்கத்தில் இருப்பவர் காதில் விழாதபடி, "எனக்கு உட்கார இடம் போதவில்லை, வேறு இடம் இருக்கிறதா" என்று கேளுங்கள். அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். இடமே இல்லை என்றால் பயண அறிக்கையில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் உங்கள் தோளும் கைப்பிடியும் மட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள், அவர் முகத்தை எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விடுவது அயோக்கியத்தனம்.

கேள்வி: சில நாடுகளில் பயணிகளையே எடை போடுகிறார்களாமே? குண்டானவர்களிடம் கூடுதல் காசு வாங்கத்தானே?
— சேலம் வாசகர்

பதில்: காசு வாங்கியது எனக்குத் தெரிந்து சமோவா ஏர் என்ற குட்டி நிறுவனம், 2013-ல், கிலோ கணக்கில் டிக்கெட் விற்றார்கள். மற்றபடி 2023-ல் ஏர் நியூசிலாந்தும், 2024-ல் ஃபின்லாந்தின் ஃபின்ஏரும் எடுத்தது விருப்பமுள்ளவர்களிடம் மட்டும், பெயர் இல்லாமல், சராசரி எடையைக் கண்டுபிடிக்க. ஒவ்வொரு பயணியையும் எடை போட முடியாது என்பதால் சராசரியை வைத்துத்தான் விமானத்தின் பாரத்தைக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு பழசாகிவிட்டால் ஆபத்து. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு சிறிய விமானம் கிளம்பிய உடனே விழுந்து 21 பேர் இறந்தார்கள். பராமரிப்பில் செய்த தவறு ஒரு காரணம், சராசரி எடையைக் குறைத்துப் போட்டதால் பின்பக்கம் பாரம் கூடியது இன்னொரு காரணம். அதற்குப் பிறகுதான் அங்கே சராசரியை ஏற்றினார்கள். உங்கள் ஊருக்கு வருகிற ஏ.டி.ஆர் மாதிரிச் சின்ன விமானங்களில் சிலசமயம் ஆட்களை இடம் மாற்றி உட்காரச் சொல்வதும் இந்தப் பாரக் கணக்குக்காகத்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, பிளேன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. போன தடவை புளிசாதமும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுபோனோம், டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவது தப்பா?
— திருநெல்வேலி வாசகி

பதில்: வீட்டுச் சாப்பாடு தப்பே இல்லை, கருவாட்டுத் தொக்கு மட்டும் தப்பு. அந்தப் பெண்ணுக்கு எழுந்து போக இடமாவது இருந்தது, விளக்கை அணைத்த பிறகு திறந்திருந்தால் பத்து வரிசைக்கு வேறு வழியில்லை. புளிசாதம், எலுமிச்சை சாதம், இட்லியில் மிளகாய்ப்பொடி தடவியது, இவை போதும். பூண்டு ஊறுகாயையும் அவித்த முட்டையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வயிற்றைப் பற்றியும் ஒரு விஷயம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதுபோல, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். வயிற்றில் இருக்கிற வாயு அங்கே மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். அதனால் கிளம்புகிற அன்று மொச்சை, சுண்டல், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சோடா எல்லாம் வேண்டாம். இறுக்கமான இடத்தில் வயிறு உப்பினால் உங்களுக்கும் கஷ்டம், பக்கத்திலிருப்பவருக்கும் கஷ்டம்.

பிளேன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததற்கு உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். உயரத்தில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாக உறைக்காது, அதைச் சரிக்கட்டத் தாராளமாகப் போடுவார்கள். அப்பாவுக்கு டி-பி-எம்-எல் (DBML) என்ற சர்க்கரை நோயாளிச் சாப்பாட்டைக் கேளுங்கள், ரத்த அழுத்தமும் இருந்தால் எல்-எஸ்-எம்-எல் (LSML), அது உப்பு குறைந்தது. கூடுதல் காசு கிடையாது என்பதுதான் நீண்ட தூர விமானங்களில் வழக்கம், ஆனால் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும், சில இடங்களில் 48. இன்சுலின் போடுகிறார் என்றால் மருந்தையும் டாக்டர் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சாப்பாடு வண்டி அவர் வரிசைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், அதனால் டப்பாவில் இரண்டு இட்லி எப்போதும் இருக்கட்டும், தட்டு கைக்கு வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.