குதிரை மீதிருந்து வாள் வீச்சு: வெட்டா, குத்தா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய குதிரைப்படைச் சீருடையில் நடத்தப்படும் வாள் போட்டி ஒன்றைக் காணொளியில் பார்த்தேன். நேரான வாளைச் சுழற்றி வெட்டாமல், முன்னே நீட்டிக் குத்துகிறார்களே, ஏன்? பளபளக்கும் வாளைக் கண்டு குதிரை மிரளாதா?
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்கக் குதிரைப்படையின் ‘மாடல் 1913’ வாளாக இருக்க வேண்டும். அதை வடிவமைத்தவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் தளபதியாகப் பெயர் பெற்ற ஜார்ஜ் பேட்டன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் (மாடர்ன் பென்டத்லான்) ஐந்தாம் இடம் பெற்ற அவர், பிரான்சின் சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் வாள் பயின்றவர். வளைந்த வாளால் வெட்ட வேண்டுமானால் கையை ஓங்க வேண்டும். ஓங்கும் அந்தக் கணத்தில் மார்பு எதிரிக்குத் திறந்து கிடக்கும். கையை நீட்டி முனையை முன்னே வைத்தாலோ, வாள் கூடுதல் தூரம் எட்டுவதோடு, குத்துக்கு வேண்டிய விசையையும் பாய்ந்து வரும் குதிரையே தந்துவிடும். இந்தக் கணக்கில் பிறந்ததே இருபுறமும் கூருள்ள, ஏறத்தாழ 89 சென்டிமீட்டர் நீள அலகுடைய (பிடி நீங்கலான உலோகப் பகுதி) அந்த நேர்வாள். கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலியில் பேட்டனே அதன் பயிற்சியை நடத்தினார். 1934இல் அமெரிக்கக் குதிரைப்படை வாளையே கைவிட்டது.

குதிரை மிரளும்; ஆகவேதான் வாள் கடைசியில் வருகிறது. முதலில் சவாரி செய்பவர் அங்கவடி (கால் ஊன்றும் வளையம்) இல்லாமல் அமர்ந்து பழகி, கடிவாளத்தை இடக்கையில் மட்டும் பிடித்து, குதிரையின் கழுத்தில் கடிவாள வார் உரசுவதைக் கொண்டும் கால் அழுத்தத்தைக் கொண்டும் குதிரையைத் திருப்பக் கற்க வேண்டும். இருக்கை ஆடினால் கடிவாளம் இழுபடும். குதிரையின் வாய் நோகும். வாள் என்றாலே நோவு என்று அது முடிவு கட்டிவிடும். பிறகு ஒரு கம்பை முகர்ந்து பார்க்கவிட்டு, கழுத்திலும் தோளிலும் தடவி, கண்ணோரமாக மெல்ல அசைக்கிறார்கள். உறையிலிருந்து வாள் உருவும் ஓசைக்கும் இதே பொறுமை வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை காதில் வாளைத் தட்டிவிட்டால், பல நாள் உழைப்பு வீண்.

இதைவிடக் கடினம், குதிரையை நேராக ஓட வைப்பது. குத்த வேண்டிய இலக்குப் பொம்மை அதன் கண்ணுக்கு ஒரு தடை. இயல்பாகவே விலகி ஓடும். ஓர் அடி விலகினாலும் கை எட்டாது. எனவே வாளில்லாமலே இலக்கை ஒட்டி நடக்கவிட்டு, பின்பு ஓட்டம், அதன் பின்னரே பாய்ச்சல் எனப் படிப்படியாகச் செல்கிறார்கள். தோற்றவர்கள் வழக்கமாகத் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். என் கணிப்பில் பிழை பெரும்பாலும் குதிரையின் தடத்தில் இருக்கிறது.

கேள்வி: பாய்ச்சலில் குத்திய வாள் இலக்கிலேயே சிக்கிக்கொண்டால் கை என்ன ஆகும்?
– அதே வாசகர்

பதில்: விறைத்துப் பிடித்தால் மணிக்கட்டும் தோளும் பிசகும். முனை பதிந்ததும் கையைத் தளர்த்திப் பின்னோக்கிப் போகவிட வேண்டும். குதிரை கடந்து செல்லும் வேகமே வாளை உருவித் தரும். இதை முதலில் மரக்குதிரை மீது அமர்ந்து பழகுவது நல்லது. நம் நாட்டில் ஜெய்ப்பூரின் 61ஆவது குதிரைப்படை போன்றவை ஆடும் டென்ட் பெக்கிங்கிலும், தரையில் நட்ட முளையை ஈட்டியாலோ வாளாலோ குத்தியெடுத்தவுடன் வீரரின் கை பின்னால் வீசிச் சுழல்வதைக் காணலாம்.