பிள்ளை வேண்டாம் என்பவர்கள் மீதான வெறுப்பை அளப்பது எப்படி?

கேள்வி: பிள்ளை வேண்டாம் என்று தாங்களாகவே முடிவெடுத்தவர்களை மக்கள் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்று அறிய, ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கியிருக்கிறேன். கிடைக்கும் சராசரியை ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிடலாமா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: இப்போதே ஒப்பிடாதீர்கள். முதல் இடறல் சொல்லிலேயே இருக்கிறது. ‘குழந்தை இல்லாதவர்’ என்று எழுதினால், கோயில் கோயிலாக ஏறி இறங்கும் தம்பதிதான் நம்மவர்கள் நினைவுக்கு வருவார்கள். நீங்கள் அளக்க நினைப்பது வெறுப்பை. கையில் கிடைப்பதோ பரிதாபம். ‘உடலில் எந்தக் குறையும் இல்லை, பிள்ளை வேண்டாமென்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்’ என்று நீட்டியே எழுதுங்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து அதை மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பிறகு எட்டுப் பத்துப் பேரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். ஒருவர் ‘டாக்டரைப் பார்த்தார்களா?’ என்று திருப்பிக் கேட்டாலும் வாக்கியத்தைத் திருத்தத்தான் வேண்டும்.

ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு (2006, 2018) இதே முடிவை எடுத்த பெண்ணைப் பற்றிப் பாதிப்பேரிடமும், ஆணைப் பற்றி மறுபாதியிடமும் கேட்டது. இரண்டையும் ஒருவரிடமே கேட்டால், பாரபட்சம் தெரியக் கூடாதென்று ஒரே பதிலைச் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உலக விழுமியக் கணக்கெடுப்பின் பழைய கேள்வியை மட்டும் எடுக்காதீர்கள். பெண்ணின் வாழ்வு நிறைவடையப் பிள்ளை வேண்டுமா என்பது தாய்மை பற்றிய நம்பிக்கை. வேண்டாம் என்றவர் மீது வரும் கோபம் வேறு. அந்தக் கோபத்தை அளக்க, உளவியலாளர் லெஸ்லி ஆஷ்பர்ன்-நார்டோ 2017இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு நல்ல வழிகாட்டி. திருமணமான ஒருவரைப் பற்றிய குறிப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றிக் கொடுத்து, அந்தக் குறிப்பை வாசித்தவர்களின் கோபத்தையும் அருவருப்பையும் அளந்தார்.

ஒப்பீடு கடைசியில்தான். நாட்டுக்குக் குறைந்தது 200 பேராவது இருந்தால் காரணிப் பகுப்பாய்வில் (பல கேள்விகளின் பதில்கள் ஒரே மனநிலையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் முறை) மூன்று படிகளைச் சோதியுங்கள்: கேள்விகள் இரு நாட்டிலும் ஒரே மாதிரி சேர்கின்றனவா, அவற்றின் எடை (ஒவ்வொரு கேள்விக்கும் வெறுப்புக்கும் உள்ள பிணைப்பு) சமமா, தொடக்கப் புள்ளி (வெறுப்பு ஒரே அளவில் இருக்கும்போது வரும் பதில்) சமமா. பதில்களோடு கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. எண், ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைவிட 0.01க்கு மேல் குறையக் கூடாது. மூன்றாவது படியைத் தாண்டாத சராசரிகளை வைத்து ‘இந்த நாட்டில்தான் வெறுப்பு அதிகம்’ என்று எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: வீட்டில் வைத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ என்கிறார்களே?

பதில்: பாதிக் கேள்விகளை எதிர்ப்பொருளில் எழுதுங்கள், இரண்டு வகைக்கும் ‘ஆமாம்’ என்பவர் யாரென்று தெரிந்துவிடும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் வாய்விட்டுக் கேட்காதீர்கள். தாளைக் கொடுத்து, குறித்ததும் அவரே உறையில் போட்டு ஒட்டித் தரட்டும்.