பழைய பைக்கும் பில் இல்லாத பார்ட்ஸும்: வாசகர் கேள்விகள்

ஆர்.எக்ஸ். 100, பழைய புல்லட், யெஸ்டி என்று வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் போட்டு வேலை பார்ப்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

1992 மாடல் ஆர்.எக்ஸ். 100 ஒன்று 90 ஆயிரத்துக்கு வருகிறது. பெயின்ட் எல்லாம் புதிது, பார்க்க அருமையாக இருக்கிறது. ஆர்.சி. புக்கும் இருக்கிறது. சேஸிஸ் நம்பர்தான் சரியாகத் தெரியவில்லை. "பவுடர் கோட்டிங் அடித்ததில் மூடிவிட்டது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (ஈரோடு)

அந்த நம்பரைக் கண்ணால் பார்க்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே, சேஸிஸின் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் ரிமூவர் தடவிக் கோட்டிங்கை எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் நேர்மையானவர் என்றால் சம்மதிப்பார், அரை மணி நேர வேலைதான். அப்புறம் மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். கம்பெனி குத்திய எண்களில் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்கும். ஒரு எண் ஏறி ஒரு எண் இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தாலோ அந்த வண்டி வேண்டாம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டி என்று பின்னால் தெரிந்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

இன்ஜின் நம்பரையும் பாருங்கள். ஆர்.எக்ஸ். 100 இன்ஜின் எண் 1எல்1 என்று தொடங்கும். வேறு மாடலின் இன்ஜினை ஏற்றிவிட்டு "இது நூறுதான்" என்று விற்பது சகஜமாக நடக்கிறது. இன்ஜினில் இருப்பது, ஆர்.சி.யில் இருப்பது, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் காட்டுவது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, ஆர்.சி. எதுவரை செல்லும் என்பதும் அங்கேயே தெரியும்.

சேஸிஸைப் பெயின்டுக்குக் கொடுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பெயின்டை எடுக்க மணல் அடிக்கும்போதே நம்பர் தேய ஆரம்பித்துவிடும். கொடுப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

ஆர்.சி. இல்லாத யெஸ்டி 15 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்கிவிட்டுப் பிறகு ஆர்.சி. எடுத்துக்கொள்ளலாமா? (தேனி)

முடியாது. டூப்ளிகேட் ஆர்.சி. கேட்க வேண்டியவர் பதிவில் இருக்கும் உரிமையாளர். அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் காயலான் கடை விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

ஆர்.எக்ஸ். 135-க்கு ரீபோர் (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலப்படுத்துவது) செய்து புது பிஸ்டன் போட்டேன். 300 கிலோமீட்டர் ஓடுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. "மெக்கானிக் தப்பு" என்கிறது பார்ட்ஸ் கடை. "பிஸ்டன் டூப்ளிகேட்" என்கிறார் மெக்கானிக். பில் கேட்டபோது 18 சதவீதம் தனி என்றதால் வாங்கவில்லை. யாரைப் பிடிப்பது? (மதுரை)

உங்கள் மேல் தப்பில்லை. இந்த ஊர்வழக்கத்தில் எல்லோரும் மாட்டுகிற இடம் இது.

முதலில் பிஸ்டனைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் நீளமாக ஓடியிருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஆயில் போதவில்லை, அல்லது பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது. கிராங்கின் மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். டூ ஸ்ட்ரோக்கில் புது பிஸ்டனைத் தின்பது பெரும்பாலும் மாற்றாமல் விட்ட இந்தப் பழைய சீல்தான். பிஸ்டனைச் சுற்றி நாலு இடத்திலும் கீறல் இருந்தால் போர் இறுக்கமாக விழுந்திருக்கிறது, அது லேத் பட்டறையின் வேலை. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் போர் ஓட்ட வேண்டும். "அரை சைஸ்தானே, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லும் பட்டறையில் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். ஆக, கீறலைப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். இரண்டு பக்கமும் நன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன். பெட்டியில் அடைத்து எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளுக்கு, அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வரி என்று கேட்கக் கூடாது. எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. பைக் பார்ட்ஸுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த 18 அச்சிட்ட விலைக்குள்ளேயே இருக்கிறது. "பில் வேண்டுமென்றால் தனி" என்று சொல்பவர், வரியை உங்களிடம் இரண்டாவது முறை கேட்கிறார், அல்லது பில்லே போடாமல் விற்பதற்காக உங்களை மிரட்டுகிறார். லேபர் சார்ஜ் வேறு கணக்கு. அதற்குப் பட்டறைக்காரர் வரி சேர்க்கலாம், ஆனால் அவரிடம் ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்க வேண்டும், அது பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். பதிவே இல்லாதவர் ஜி.எஸ்.டி. என்று சொல்லிப் பணம் வாங்க முடியாது.

பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்களே, குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

பில் மட்டும் இருந்தாலும் போதாது. என் பழைய வண்டிக்கு, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் செட் ஒன்று வாங்கினேன். பெட்டி, ஹாலோகிராம், உள்ளே எண்ணெய்த் தாள் எல்லாம் கம்பெனி மாதிரியே இருந்தன. பூட்டிக் கொஞ்ச நாளிலேயே கிராங்கில் தட்டல் சத்தம். பிரித்தால் பேரிங் கூடு நொறுங்கிக் கிடந்தது. கடைக்காரர் தந்த பில்லில் "ஸ்பேர்ஸ் – 1" என்று மட்டும்தான் இருந்தது. "இது நாங்கள் விற்ற பொருளே இல்லை" என்றார், முடிந்தது கதை. அதனால் கம்பெனிப் பெயர், பார்ட் நம்பர், அளவு மூன்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். சென்னையின் பார்ட்ஸ் சந்தைகளான புதுப்பேட்டையானாலும் ஜி.பி. ரோடானாலும் இதேதான்.

உங்களிடம் பில் இல்லை, சரி. பணம் ஜி.பே.யில் போயிருந்தால் அந்தப் பதிவு இருக்கிறது. காலிப் பெட்டி இருந்தால் அதுவும் சாட்சி. கடைக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கஃபே ரேசர் (பழைய ரேஸ் பைக் தோற்றம்) மாதிரி செய்ய ஆசை. பின்பக்க சேஸிஸை வெட்டி வளையம் வெல்டு செய்து, ஓப்பன் சைலன்சர் போடப் போகிறேன். போலீஸ் பிடிப்பார்களா? (திருச்சி)

பிடிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் சத்தத்துக்கு முதல் முறையே 10 ஆயிரம்வரை போகும்.

அபராதத்தைவிட எனக்குப் பயம் வெல்டிங்தான். சேஸிஸை வெட்டுகிறவர் பெரும்பாலும் கேட் வெல்டு செய்கிறவர். நீங்கள் பின்சீட்டில் யாரையாவது ஏற்றுவீர்கள். விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாதிரி வெட்டைத்தான். வெட்டாமல், போல்ட் போட்டுப் பூட்டிக் கழற்றும்படி சீட்டை மாற்றுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நிறம் மாற்றலாம், ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும்.

வீடியோ பார்த்து ஒரு ரெஸ்டோரேஷன் கடைக்கு அப்பாவின் புல்லட்டையும் 60 ஆயிரம் அட்வான்ஸும் கொடுத்தேன். எட்டு மாதமாகிறது. வண்டி நாலு சாக்கில் கிடக்கிறது. கேட்டால் இன்னும் 40 ஆயிரம் கேட்கிறார்கள். (சேலம்)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அப்பாவின் வண்டி என்பது அவர்களுக்குத் தெரியும், விட்டுவிட்டு வரமாட்டீர்கள் என்பதும் தெரியும். அந்த தைரியத்தில்தான் கேட்கிறார்கள்.

இனி ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். பேசிய தொகை, ஒத்துக்கொண்ட வேலை, சொன்ன தேதி இருக்கும் வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சாக்கை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே பிரித்து ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். இன்ஜின் நம்பர், கார்புரேட்டர், டைனமோ, மீட்டர், டேங்க் இந்த ஐந்தும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழைய இரும்பு பிளாக் புல்லட்டில் ஆள்மாறாட்டம் நடப்பது இந்த ஐந்தில்தான்.

வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பெயர் மாற்றவில்லை. இப்போது விற்றவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது? (காரைக்குடி)

இரண்டு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நேரில் போய் அவரைப் பாருங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள், இன்சூரன்ஸும் அவர் பெயரில்தானே இருக்கும்.

"ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் வந்துவிட்டது" என்று ஆர்.டி. 350 ஒன்றை 45 ஆயிரத்துக்கு விற்றார். பார்சல் கட்டணம் என்று 8,000 அனுப்பினேன். இப்போது மேலும் 12 ஆயிரம் கேட்கிறார். அனுப்பினால் வண்டி வருமா? (நாகர்கோவில்)

வராது. வண்டியே கிடையாது. உடனே 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். இன்றே செய்தால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. ஆர்.டி. 350 அந்த விலைக்கு வருகிறது என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சைலன்சருக்கும் ஹேண்டில்பாருக்கும் குரோம் போட்டேன். நாலே மாதத்தில் துரு. (தூத்துக்குடி)

கடற்கரை ஊர் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், அடியில் செம்பும் நிக்கலும் சரியாக ஏற்றாமல் மேலே குரோம் காட்டியிருக்கிறார்கள். குரோம் பளபளப்புக்கு, துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல். அடுத்த முறை "செம்பு, நிக்கல், குரோம்" என்று மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை.

1972 புல்லட் வைத்திருக்கிறேன். விண்டேஜ் பதிவு எடுக்கலாமா? (கோவை)

50 வருடம் தாண்டியதால் தகுதி உண்டு, ஆனால் சேஸிஸோ இன்ஜினோ மாற்றாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20 ஆயிரம், மறுபதிவுக்கு 5,000. எடுத்த பிறகு தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி மாதிரி சமயங்களுக்குத்தான். நீங்கள் ஆபீஸ் போகிற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், வழக்கமான ஐந்து வருட ஆர்.சி. புதுப்பிப்பே போதும்.

டேங்கில் சின்ன ஓட்டை. பெட்ரோலை வடித்துவிட்டேன். வீட்டிலேயே வெல்டு வைக்கலாமா? (வேலூர்)

கூடவே கூடாது. பெட்ரோலை வடித்தாலும் ஆவி உள்ளேதான் இருக்கும், தீப்பொறி பட்டால் டேங்க் வெடிக்கும். டேங்க் வேலை மட்டுமே செய்கிற பட்டறையில் கொடுங்கள்.