பாஸிவ் வாய்ஸில் அட்வெர்ப் எங்கே வரும்? நடுவில் ‘அண்ட்’ வந்தால் எப்படி மாற்றுவது?

நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். கைடில் எல்லாம் ஒற்றை வரி வாக்கியமாகவே இருக்கும். வினாத்தாளில் மட்டும் ஒரு அட்வெர்பும் ஒரு ‘அண்ட்’டும் எங்கிருந்தோ முளைத்திருக்கும். தேர்வு இல்லை, ஆபீஸ் மெயிலுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். தேர்வில் தப்பு விட்டால் ஒரு மார்க் போகும். எனக்கு இரண்டு வாரத் தூக்கம் போனது.

நான் இலக்கண ஆசிரியர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், அவ்வளவுதான். விதிக்குப் பெயர் கேட்டால் முழிப்பேன். எங்கே அடி விழும் என்பது மட்டும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சரக்கு வரத்து, திருப்பி அனுப்பியது, எல்லாவற்றுக்கும் தினசரி அறிக்கை எழுதும் வேலை. ஒரு நாள் நாங்கள் ஆர்டரே கொடுக்காத நாற்பது பெட்டிகள் வந்து இறங்கின. நாங்கள் தொடவில்லை. ஒட்டிய டேப்கூடப் பிரியாமல் அதே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அன்று சாயங்காலம் சப்ளையருக்கு நான் எழுதிய வரி இது: ‘தி பாக்ஸஸ் வேர் நாட் ஓப்பன்ட் அண்ட் ரிட்டர்ன்ட்.’

எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் பதில் வந்தது. திறக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் சரக்கு உங்களிடம்தானே இருக்கிறது, பில்லைக் கட்டுங்கள் என்று. லாரியோ வழியில் எங்கேயோ பழுதாகி நிற்கிறது. அது போய்ச் சேரும்வரை என் ஒரு வரியை வைத்து இரண்டு கம்பெனிகளும் மெயிலில் மல்லுக்கட்டின. மேனேஜர் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து, ‘நாட்’ மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டையும் மறுக்க வேண்டுமென்றால் ‘ஆர்’ அல்லவா போட வேண்டும், ‘அண்ட்’ போட்டதால் உங்கள் அர்த்தமும் வரத்தானே செய்கிறது என்று இங்கே யாராவது கேட்கலாம். நியாயம்தான். நானும் அதையேதான் அன்று வாதாடினேன். ஆனால் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்துவிட்டால், எதிராளி தனக்குச் சாதகமான விதத்தில்தான் படிப்பான்.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். என் தலைக்குள் ஓடியது தமிழ் வாக்கியம்: ‘பெட்டிகள் பிரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டன.’ இதில் ‘ஆமல்’ பிரிப்பதோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, அனுப்புவதைத் தொடவே தொடாது. ஆங்கிலத்தில் ‘நாட்’ போய் ‘வேர்’ பக்கத்தில் உட்காருகிறது. அந்த ஒரே ‘வேர்’தான் ‘ஓப்பன்ட்’, ‘ரிட்டர்ன்ட்’ இரண்டுக்கும் பொது. வேர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே நாட்டும் போகப் பார்க்கும்.

இதுதான் உங்கள் கேள்விக்கும் பதில் என்று எனக்குப் படுகிறது. தமிழில் ‘கடிதம் எழுதி அனுப்பப்பட்டது’ என்கிறோம். ‘படு’ கடைசியில் ஒரே முறை வந்து, முன்னால் இருக்கும் ‘எழுதி’யையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘வாஸ்’ முன்னாலேயே வந்து பின்னால் வருவதை எல்லாம் இழுக்கிறது: ‘தி லெட்டர் வாஸ் ரிட்டன் அண்ட் சென்ட்.’ அதனால் அதன் பக்கத்தில் நீங்கள் வைக்கும் எந்தச் சொல்லும் வரி முழுக்கப் பாயத் தயாராக இருக்கும். அட்வெர்பும் அப்படித்தான்.

‘தி கூட்ஸ் வேர் கேர்ஃபுல்லி செக்ட் அண்ட் பேக்ட்’ என்றால் சரிபார்த்ததும் கவனமாக, கட்டியதும் கவனமாக என்றே பெரும்பாலும் படிப்பார்கள். சரிபார்த்தது மட்டும் கவனமாக என்றால் ‘செக்ட் கேர்ஃபுல்லி அண்ட் பேக்ட்’. கட்டியது மட்டும் என்றால் ‘செக்ட் அண்ட் கேர்ஃபுல்லி பேக்ட்’. மூன்றும் சரியான ஆங்கிலம்தான். கண்ணாடிச் சாமான் உடைந்து வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

‘ஹேஸ்’, ‘பீன்’ மாதிரித் துணை வினை ஒன்றுக்கு மேல் இருந்தால் குழப்பம் கூடும். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் அட்வெர்ப், கடைசியில் நிற்கும் பார்ட்டிசிபிளுக்கு, அதாவது ‘செக்ட்’, ‘ரிட்டன்’ போன்ற வினை வடிவத்துக்கு, தொட்டு முன்னால்: ‘ஹேஸ் பீன் கேர்ஃபுல்லி செக்ட்’, ‘ஹேஸ் பீன் வெல் ரிட்டன்’. ‘ஹேஸ் வெல் பீன் ரிட்டன்’ என்று எழுதினால் காது கூசும். அடிக்கடி, ஒருவேளை, ஏற்கெனவே போன்றவை முதல் துணை வினைக்கு அடுத்து: ‘ஹேஸ் ப்ராபப்ளி பீன் ஸ்டோலன்’, ‘ஹேஸ் ஆல்ரெடி பீன் பெய்ட்’. விதிவிலக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் விழ மாட்டீர்கள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: ‘கிளியர்லி’. ‘தி நோட் வாஸ் கிளியர்லி ரிட்டன் பை எ சைல்ட்’ என்றால் குழந்தை தெளிவாக எழுதியதா, அல்லது எழுதியது குழந்தைதான் என்பது தெளிவா? கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் இரண்டாவது அர்த்தம் பொருந்தும். எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ரிட்டன் கிளியர்லி’ என்று பின்னால் தள்ளிவிடுங்கள்.

இனி ‘அண்ட்’. ‘ஷி ஓப்பன்ட் தி லெட்டர் அண்ட் ரெட் இட்’ என்பதை மாற்றினால் ‘தி லெட்டர் வாஸ் ஓப்பன்ட் அண்ட் ரெட்’. அந்த ‘இட்’ காணாமல் போக வேண்டும், கடிதம்தான் முன்னால் வந்துவிட்டதே. எழுவாய் மாறினால் புது ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ போடுங்கள்: ‘தி டோர் வாஸ் லாக்ட் அண்ட் தி கீஸ் வேர் ஹேண்டட் ஓவர்.’ இரண்டாவது ‘வேர்’ இல்லாமலும் எழுதுகிறவர்கள் உண்டு. நீங்கள் தேர்வில் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம். செயப்படுபொருள் இல்லாத வினை வந்தால் அதைத் தொடாதீர்கள். ‘ஹி கேம் அண்ட் ஓப்பன்ட் தி பாக்ஸ்’ என்பதில் ‘கேம்’ அப்படியே இருக்கும், மாறுவது பெட்டிப் பாதி மட்டும்: ‘ஹி கேம் அண்ட் தி பாக்ஸ் வாஸ் ஓப்பன்ட்.’ ‘வாஸ் கம்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘வென்’, ‘பிகாஸ்’ வந்தால் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக மாற்றுங்கள், இணைப்புச் சொல் அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

எங்கள் நாற்பது பெட்டிகளுக்கு மேனேஜர் கடைசியில் எழுதிக் கொடுத்த வரி: ‘தி பாக்ஸஸ் வேர் ரிட்டர்ன்ட் அன்ஓப்பன்ட்.’ நாட்டும் இல்லை, அண்டும் இல்லை. சண்டை போட எதுவும் மிச்சமில்லை.

இதைப் படித்துவிட்டு, பாஸிவே எழுதக் கூடாது, எல்லாவற்றையும் ஆக்டிவில் எழுது என்று ஒரு கூட்டம் வரும். நான் எழுதுகிற சாஃப்ட்வேரும் அந்தக் கட்சிதான், பாஸிவைக் கண்டால் கீழே கோடு போட்டுவிடும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய ‘பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலிஷ் லாங்குவேஜ்’ கட்டுரையைக் காட்டுவார்கள். ஆக்டிவ் போட முடிகிற இடத்தில் பாஸிவ் போடாதே என்று அதில் ஒரு விதி இருப்பது உண்மை. அதே கட்டுரையின் முதல் வாக்கியத்தையும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். ‘பட்’ போட்டு ஒட்டிய அதன் பின்பாதி ‘இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்’ என்று தொடங்குகிறது. பாஸிவ், நடுவில் அட்வெர்ப், முன்னால் இணைப்புச் சொல். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே இடத்தில். அதுவும் பார்ட்டிசிபிளுக்குத் தொட்டு முன்னால், சரியான இடத்தில்.

தமிழிலும் இதே பேச்சு உண்டு. ‘படு’ போட்டு எழுதுவதே ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அளவுக்கு மீறிப் போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்வேன். ‘திண்ணை மெழுகிற்று’ என்று ‘படு’ இல்லாமலேயே செயப்படுபொருளை எழுவாய் இடத்தில் உட்காரவைத்ததை நம் பழைய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். யார் மெழுகினார் என்று அங்கேயும் சொல்லவில்லை.

யார் என்று சொல்லாமல் விடுவதில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. மூன்று வருடம் எங்கள் ஆபீஸில் எந்த மீட்டிங் நடந்தாலும் குறிப்பு எடுக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள், நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி: ‘தி மினிட்ஸ் வேர் டியூலி ரெக்கார்டட் அண்ட் சர்க்குலேட்டட்.’ ‘டியூலி’ இரண்டு வினைக்கும் சேர்த்தே பாய்கிறது, குறை சொல்ல முடியாது. ‘பை’ போட்டு ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வரியை எழுதியவனும் நான்தான் என்பதால் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியவில்லை.